கடுகளவு கோந்து

செவ்வாய், காலை 8.10

மூன்றாம் மாடியின் கடைசி அறைக் கதவைத் திறந்தபோது உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

படம் இல்லை. திரை முழுக்கச் சாம்பல் நிறப் புள்ளிகள் கொதித்துக்கொண்டிருந்தன. தகரக் கூரையில் மழை பெய்வது போல ஓர் இரைச்சல். ஜன்னல் திரைகள் இழுத்து மூடியிருந்ததால் அறைக்கு வெளிச்சமே அந்தப் பெட்டிதான். அதன் எதிரே நாற்காலியில் ஒருவர் தலையைச் சற்றுச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், ராத்திரி வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டாள் பசையம்மா.

இரண்டடி உள்ளே வைத்த பிறகுதான் அவர் கழுத்தைப் பார்த்தாள். ஆன்டெனாவிலிருந்து பெட்டிக்கு வரும் தட்டையான வயரை யாரோ பிடுங்கி, கழுத்தில் சுற்றி இறுக்கியிருந்தார்கள். அதன் ஓரத்துச் செம்புக் கம்பி தோலுக்குள் புதைந்திருந்தது. அவள் கத்தவில்லை. கத்தினாலும் அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது.

இறந்தவர் அந்த விளம்பர நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுத் தலைவர். எல்லாரும் 'சதவீதம்' என்றுதான் கூப்பிடுவார்கள். டீ நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், "அறுபது சதவீதம்" என்று பதில் சொல்கிற மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பது? அவருக்குக் கீழே எட்டு வருடமாக வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பவள் பசையம்மா. அவளுக்கு அந்தப் பெயர் வந்த கதை கொஞ்ச நேரத்தில் தெரியும்.

காலை 9.00

இன்ஸ்பெக்டர் மிக மரியாதையான ஆள். அந்த மரியாதைதான் அவளைப் பயமுறுத்தியது.

"உட்காருங்கம்மா. நேத்து எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

"ஏழே காலுக்கு."

"அதுவரைக்கும்?"

"இதே மாடியில, எதிர்க் கோடி அறையில வேலை பார்த்துட்டு இருந்தேன்."

"வேற யாரு இருந்தாங்க?"

"ஆறு மணிக்கே எல்லாரும் போயிட்டாங்க. சாரும் நானும்தான்."

"ஏதாவது சத்தம் கேட்டுதா?"

அவள் தயங்கினாள். "ஆறரைக்கு ஒளிபரப்பு ஆரம்பிக்கிற இசை கேட்டுது. ஏழு மணி வாக்கில திடீர்னு இரைச்சலாச்சு. பெட்டி கோளாறு போலன்னு நெனச்சேன்."

"போய்ப் பார்க்கலை."

"பார்க்கலை சார்."

அந்த நேரத்தில் எழுந்து முப்பது அடி நடந்திருந்தால்? 'சனியன் பிடிச்ச பெட்டி' என்று முணுமுணுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். இனி ஆயுசுக்கும் அந்த முணுமுணுப்பு அவள் காதில் கேட்டுக்கொண்டிருக்கும்.

வாசல் காவலாளியும் அதையே சொன்னார். கீழே உட்கார்ந்தபடியே டிவிப் பாட்டைக் கேட்பது அவர் வழக்கம். பாட்டு பாதியில் அறுந்ததும் எரிச்சலோடு கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். ஏழு அடிக்க இரண்டு நிமிடம். ஆறு மணிக்குப் பிறகு முன்வாசல் வழியாக யாரும் உள்ளே வரவில்லை என்றும் அடித்துச் சொன்னார்.

"பின்பக்கம் இரும்புப் படிக்கட்டு இருக்கு சார். கதவுத் தாழ்ப்பாள் திறந்திருக்கு," என்றாள் பசையம்மா.

"உள்தாழ்ப்பாள்மா. உள்ளே இருக்கிறவங்கதான் திறக்க முடியும். நீங்களே திறந்து வெச்சிட்டும் போயிருக்கலாம்." இன்ஸ்பெக்டர் இறந்தவரின் நாட்குறிப்பைப் புரட்டினார். "போன வாரம் எழுதியிருக்கார். 'பசையம்மாவின் எண்ணிக்கையை நம்ப முடியவில்லை.' நேத்தைய பக்கத்துல, 'மாலை 6.45. தோற்றவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.' உங்க கணக்கு பொய்னு கண்டுபிடிச்சு, வேலையை விட்டுத் தூக்கப் போறேன்னு சொல்லக் கூப்பிட்டிருக்கார். சரிதானே?"

"இல்லை சார்."

"நீங்க இங்க இருந்தீங்க, பெட்டி இரைஞ்சுது, இவர் செத்தார். காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதைன்னு சொல்றீங்க. சாயங்காலம் வரைக்கும் என் கண்ணுல படுற மாதிரி இருங்க. அப்புறம் ஸ்டேஷனுக்குப் போகலாம்."

அவள் மூலையில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். கொலைப் பழி ஒரு பக்கம் இருக்கட்டும். எட்டு வருடத்தில் ஒரு எண்ணைக்கூட அவள் சொந்தமாகப் போட்டதில்லை. கடைசி நாளில் அந்த மனிதர் தன்னைப் பொய்க் கணக்குக்காரி என்று நினைத்துக்கொண்டே செத்தாரா? அதுதான் நெஞ்சை அறுத்தது.

காலை 9.40

"என்னதான் கணக்கும்மா அது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

சொன்னாள். ஒரு பெரிய சோப்புக் கம்பெனி. இத்தனை வருடமாக விளம்பரம் முழுவதையும் பெயர்பெற்ற ஒரு வார இதழுக்குக் கொடுத்து வந்தது. இப்போது டிவி வந்துவிட்டது. எதில் போட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்று புதன்கிழமை முடிவெடுக்கப் போகிறார்கள். அதற்கான அறிக்கை ஒரு நீலக் கோப்பில் இருந்தது. அந்தக் கோப்பைத்தான் காணவில்லை.

"பத்திரிகையில விளம்பரத்தைப் பார்த்தீங்களான்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க சார். மரியாதைக்கு. அதனால கேட்கிறதே இல்லை. விளம்பரம் இருக்கிற ரெண்டு எதிர்ப் பக்கத்துக்கு நடுவுல, ஓரத்துல, கடுகளவு கோந்து வெச்சு ஒட்டிடுவேன். பிரதியை இலவசமா வீட்டுல கொடுப்பேன். ஒரு வாரம் கழிச்சுப் போய் வாங்கிப் பார்த்துட்டு, அங்கேயே திருப்பிக் கொடுத்துடுவேன். பிரிச்சவங்களுக்கு ஒட்டினதே தெரியாது. பிரிக்கலைன்னா ரெண்டு தாளும் சேர்ந்தே புரண்டிருக்கும்."

"அதான் பசையம்மா." இன்ஸ்பெக்டர் முதல் முறையாகச் சிரித்தார். "முடிவு?"

"இருநூறு பிரதியில சோப்பு விளம்பரப் பக்கத்தைப் பிரிச்சது அறுபத்தொண்ணு."

"டிவி?"

"பெட்டி இருக்கிற வீட்டுல தெருவே கூடுது. விளம்பரம் வந்தாலும் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டாங்க. எழுந்தா இடம் போயிடும். எங்க அக்காவே பக்கத்து வீட்டுல முதல் வரிசை. வீட்டுல பால் பொங்கினாலும் நகர மாட்டா."

"அப்போ தோத்தது பத்திரிகை."

"ஆமா சார். எந்த ஆய்வு முடிஞ்சாலும், யாருக்குப் பாதகமா வந்திருக்கோ அவங்களைத் தனியாக் கூப்பிட்டு முதல்ல சொல்றது இவர் வழக்கம். நாலு பேர் முன்னால தலைகுனியக் கூடாதுன்னு."

இன்ஸ்பெக்டர் நாட்குறிப்பை மறுபடி பார்த்தார். "நல்ல வழக்கம். ஆனா அதுக்குச் சாட்சி நீங்க மட்டும்தான்," என்றார்.

காலை 10.30

செய்தி கேட்டு இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். முக்காலியில் இருந்தபடியே பசையம்மா எல்லாவற்றையும் கேட்டாள்.

முதலாமவர் டிவிக்கு விளம்பரப் படம் எடுப்பவர். "எனக்கு அரை நிமிஷம் போதும், உலகத்தையே வித்துடுவேன்" என்று பீற்றிக்கொள்வதால் 'அரைநிமிஷம்'.

"நேத்து ஏழு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"எங்க வீட்டு மொட்டை மாடியில சார். படம் ஆடுச்சுன்னு ஆன்டெனாவைத் திருப்பிட்டு இருந்தேன். கீழே நாப்பது பேர் 'இப்போ தெரியுது, அய்யோ போச்சு, கையை எடுக்காதே'ன்னு கால் மணி நேரம் என்னைத் திட்டிட்டு இருந்தாங்க. யாரை வேணும்னாலும் கேளுங்க. இன்னும் கோபமாத்தான் இருப்பாங்க."

விசாரிக்கப் போன கான்ஸ்டபிள் அரை மணியில் திரும்பி வந்தார். தெருவே அந்தக் கால் மணி நேரத்தை மறக்கவில்லை.

இரண்டாமவர் அந்த வார இதழின் விளம்பர மேலாளர். பட்டப்பெயர் 'ஆறுபேர்'. 'ஒரு பிரதியை ஆறு பேர் படிக்கிறாங்க' என்பது அவர் மூல மந்திரம். சொல்லும்போதெல்லாம் ஒரு கையின் ஐந்து விரலையும் மறு கையின் கட்டை விரலையும் சேர்த்து எதிராளியின் மூக்குக்கு நேரே நீட்டுவார். இருபது வருடமாக இதைப் பார்த்துப் பார்த்து, அவர் தூரத்தில் வரும்போதே ஆபீஸ் பியூன் ஆறு விரலைக் காட்டிச் சிரிப்பார்.

இன்று அவருக்கு இடது கன்னம் வீங்கியிருந்தது. இரண்டு கையையும் கோட்டுப் பையில் விட்டபடி வந்து உட்கார்ந்தார்.

"நல்ல மனுஷன் சார். இப்படி ஒரு சாவா," என்றார். குரல் உடைந்தது.

"நேத்து சாயங்காலம்?"

"பல் வலி. பின்தெருவில இருக்கிற பல் டாக்டர்கிட்ட போயிருந்தேன். ஆறு முப்பத்தஞ்சுக்கு டோக்கன் வாங்கினேன், பதினாலாம் நம்பர். ஏழு அம்பதுக்குத்தான் கூப்பிட்டாங்க. பல்லைப் பிடுங்கிட்டாரு."

"ஒண்ணே கால் மணி நேரம் என்ன செஞ்சீங்க?"

"வேறென்ன சார்? மேசையில எங்க இதழ் கிடந்தது, இந்த வாரப் பிரதி. அட்டையில இருக்கிற பொண்ணுக்கு யாரோ விஷமத்துக்கு நீல மையில மீசை வரைஞ்சு வெச்சிருந்தாங்க. மனசு கஷ்டமா இருந்துச்சு. எடுத்துப் படிச்சேன்."

மூலையில் இருந்து பசையம்மா கேட்டாள். "தொடர்கதை எப்படி சார் இருந்தது இந்த வாரம்?"

இன்ஸ்பெக்டர் முகம் சுளித்தார். ஆனால் ஆறுபேருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது.

"பிரமாதம்மா. கடைசியில அந்த மாமியார் உயிரோட வந்து நிக்கிறா பாருங்க. ஒரு வரி விடலை நான். தொடர்கதை, துணுக்கு, விளம்பரம், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சேன். எங்க இதழை எல்லாரும் அப்படித்தான் படிக்கிறாங்க. ஒரு பிரதிக்கு ஆறு பேர்."

சொல்லி முடித்தார். கைகள் கோட்டுப் பையிலேயே இருந்தன.

பசையம்மா அந்தக் கோட்டுப் பைகளையே பார்த்தாள். அவள் எழுந்து இன்ஸ்பெக்டரின் அருகே போனாள்.

"சார், என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால ஒரு தடவை அந்தப் பல் டாக்டர் இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

காலை 11.45

இரும்புப் படிக்கட்டில் இறங்கி, குறுகிய சந்து ஒன்றைக் கடந்தால் பல் டாக்டரின் பின்கதவு. நடந்து மூன்று நிமிடம் ஆகவில்லை. பின்கதவை ஒட்டி வாய் கொப்பளிக்கும் தொட்டி, அதற்கு அடுத்து நோயாளிகள் காத்திருக்கும் அறை. டாக்டர் மாலையில்தான் வருவார். அவருடைய உதவியாளப் பெண் அறையைத் திறந்துவிட்டாள்.

"பதினாலாம் நம்பர் நேத்து இங்கதான் இருந்தாரா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இருந்தாரு சார். ஆறு முப்பத்தஞ்சுக்கு டோக்கன் கொடுத்தேன். அப்புறம் நான் உள்ளே டாக்டர் கூட இருந்தேன். ஏழே முக்காலுக்கு எட்டிப் பார்த்தப்பவும் இருந்தாரு."

"நடுவுல?"

"தெரியலையே. கூட ரெண்டு பேர் இருந்தாங்க. ஆனா பல் வலிக்காரங்க கன்னத்தைப் பிடிச்சுட்டுக் கண்ணை மூடிட்டு உட்கார்ந்திருப்பாங்க. பக்கத்துல யானை வந்து உட்கார்ந்தாலும் தெரியாது."

"இந்த மீசை?" பசையம்மா மேசையைக் காட்டினாள். அங்கே அந்த வார இதழ் கிடந்தது. அட்டைப் பெண் நீல மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சரைக்கு ஒரு குட்டிப் பொண்ணு வந்துச்சு. அது வேலை."

இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்கினார். "அப்போ அவர் சொன்னது சரி. நேத்து அஞ்சரைக்கு அப்புறம் இங்க வந்தவருக்குத்தான் மீசை தெரியும்."

"வந்தது சரிதான் சார்," என்றாள் பசையம்மா. உதவியாளப் பெண்ணிடம் திரும்பினாள். "பல்லைப் பிடுங்கும்போது ரொம்பக் கத்தினாரா?"

"அதை ஏன் கேட்கிறீங்க. எல்லாரும் நாற்காலிக் கைப்பிடியை உடைக்கிற மாதிரி பிடிப்பாங்க. இவர் தொடவே இல்லை. கையை மடியில பொத்தி வெச்சுட்டு அசையாம இருந்தாரு. தைரியசாலின்னு டாக்டரே பாராட்டினாரு."

பசையம்மா குனிந்து, பத்திரிகையின் பின்னட்டையைப் பார்த்தாள். மூலையில் பென்சிலால் வைத்த மூன்று புள்ளி. அவள் கையால் வைத்தது.

"இது என் பிரதி சார்."

"என்னது?"

"இத்தனை நாளும் வீடுகள்ல மட்டும்தான் வெச்சோம். நேத்து காலையில சார் கூப்பிட்டு, பத்து காத்திருப்பு அறையிலயும் வைன்னு சொன்னாரு. என் கணக்கு மேல சந்தேகம்னு நெனச்சு எனக்கு அழுகையே வந்துச்சு. ஆனாலும் வெச்சேன். நேத்து நாலு மணிக்கு இந்த மேசையில நானே வெச்சேன். மூணு இடத்துல ஒட்டியிருக்கேன். நாலாம் பக்கத்துல, தொடர்கதையில, சோப்பு விளம்பரத்துல. ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பார்க்க."

அவள் பத்திரிகையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.

"ஓரத்துல ஊதுங்க சார். மெதுவா."

இன்ஸ்பெக்டர் ஊதினார். தாள்கள் விசிறி போல விரிந்தன. நாலாம் பக்கமும் ஐந்தாம் பக்கமும் தனித்தனியாகப் பிரிந்தன. தொடர்கதை தொடங்கும் இருபதும் இருபத்தொன்றும் ஒன்றாகவே நின்றன. சோப்பு விளம்பரம் இருந்த முப்பத்திரண்டும் முப்பத்துமூன்றும் அப்படியே. இன்ஸ்பெக்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார். இரண்டு இடத்திலும் கடுகளவில் ஒரு பொட்டு கண்ணாடி போல மினுங்கியது.

அவர் தானே இன்னொரு முறை ஊதிப் பார்த்தார்.

"தொடர்கதையில மாமியார் உயிரோட வந்ததைச் சொன்னாரே," என்றார்.

"அவங்க இதழ்தானே. அச்சுக்குப் போறதுக்கு முன்னாலயே படிச்சிருப்பாரு."

"பாதியில தூங்கிட்டேன்னு சொல்லியிருந்தா ஒரு வம்பும் இல்லை."

"அவரால அப்படிச் சொல்ல முடியாது சார். எங்க இதழைக் கையில வெச்சுட்டு ஒருத்தர் தூங்கினார்னு அவர் வாயில வராது. இருபது வருஷம் சொன்ன பொய்யாச்சே."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இன்ஸ்பெக்டர் அந்தப் பத்திரிகையைக் கைக்குட்டையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டார்.

பிற்பகல் 12.30

ஆறுபேர் காலையில் வந்து உட்கார்ந்த அதே நாற்காலியில் இருந்தார். பெட்டியை யாரோ அணைத்திருந்தார்கள். இரைச்சல் போன பிறகு அறை முன்னைவிட மோசமாக இருந்தது.

"ஒரே ஒரு சந்தேகம் சார்," என்றார் இன்ஸ்பெக்டர், மிக மரியாதையாக. "ஒரு பிரதியை எத்தனை பேர் படிக்கிறாங்கன்னு சொன்னீங்க?"

"ஆறு பேர்."

"கையால காட்டுங்க."

"எதுக்கு?"

"இருபது வருஷமாக் காட்டுறீங்களாம். இன்னிக்கு மட்டும் காட்டலையாம். அம்மா சொல்றாங்க."

ஆறுபேர் பசையம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் தாங்க வேண்டியிருந்தது, தாங்கினாள். கைகள் வெளியே வரவில்லை. கான்ஸ்டபிள் அவர் பின்னால் வந்து நின்றார். பிறகு, மெதுவாக, கோட்டுப் பையிலிருந்து ஒரு கை வந்தது, மற்றொன்றும் வந்தது. இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கே இரண்டு இரண்டு சிவந்த கோடுகள். தட்டையான வயரின் இரு ஓரத்துச் செம்பும் அறுத்த தடம்.

இன்ஸ்பெக்டர் கதையை நீட்டவில்லை. "டோக்கனை வாங்கினீங்க. மீசையைப் பார்த்தீங்க. ரெண்டு பக்கம் புரட்டினீங்க. உதவியாளப் பொண்ணு உள்ளே போனதும் பின்கதவு வழியா இரும்புப் படி ஏறினீங்க. அவரே தாழ்ப்பாளைத் திறந்து விட்டாரு. ஏழுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது வயரைப் பிடுங்கினீங்க. ஏழே முக்காலுக்குள்ள திரும்பி உங்க இடத்துல உட்கார்ந்தாச்சு. அந்தப் பத்திரிகையில தொடர்கதைப் பக்கமும் சோப்புப் பக்கமும் இன்னும் ஒட்டினபடியே இருக்கு சார். அதைப் பிரிக்கவே இல்லை நீங்க."

"அறுபத்தொண்ணாம்," என்றார் ஆறுபேர். யாரிடமும் சொல்லவில்லை. "இருநூறுல அறுபத்தொண்ணு. சிரிச்ச முகமா உட்கார வெச்சுச் சொல்றாரு. அந்தச் சோப்பு போனா மத்த எல்லாரும் பின்னாலயே போயிடுவாங்க. அப்புறம் இதழ் எங்க இருக்கும்? நான் எங்க இருப்பேன்? முகத்தைப் பெட்டிப் பக்கம் திருப்பிட்டு, 'நேரம் மாறிடுச்சு, நீங்களே பாருங்க'ன்னாரு. நான் வயரைத்தான் பார்த்தேன்."

மாலை 4.00

நீலக் கோப்பு ஆறுபேரின் வண்டியின் இருக்கைக்கு அடியில் கிடைத்தது. இன்ஸ்பெக்டர் அதைத் தானே கொண்டுவந்து பசையம்மாவின் மேசையில் வைத்தார்.

"பின்னால ஒரு தாளை நாலா மடிச்சுக் குண்டூசி குத்தியிருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை. நான்தான் பிரிச்சேன். நீங்க படிக்கணும்."

சதவீதத்தின் கையெழுத்து, நேற்றைய தேதி.

'சனி, ஞாயிறு இரண்டு நாளும் இருபது வீடுகளுக்கு நானே நேரில் சென்று பிரதிகளைப் பார்த்தேன். பசையம்மாவின் எண்ணிக்கை நூறு சதவீதம் சரி. ஐயப்பட்டதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வீட்டில் பிரிக்காத பக்கத்தைக் காத்திருக்கும் இடத்தில் பிரிக்கலாம். இதழுக்கு அந்த ஒரு வாய்ப்பையும் கொடுக்காமல் தீர்ப்பு எழுதுவது நியாயம் இல்லை. பின்தெருப் பல் மருத்துவர் அறை உட்படப் பத்து இடங்களில் இன்று பிரதிகள் வைக்கப்படுகின்றன. முடிவை ஒரு வாரம் தள்ளிவைக்கும்படி சோப்புக் கம்பெனியைக் கேட்டிருக்கிறேன்.'

அவள் இரண்டு முறை படித்தாள். "இதை சார் அவர்கிட்டச் சொல்லியிருப்பாரே," என்றாள்.

"சொல்றதுக்குள்ள வயர் கழுத்துக்கு வந்திடுச்சு. ராத்திரி இந்தத் தாளைப் பிரிச்சிருந்தாலாவது அந்த டாக்டர் ரூம் பிரதி யாருதுன்னு தெரிஞ்சிருக்கும். கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கலை மனுஷன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று, "காலையில நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்கம்மா," என்றார்.

அவர் போன பிறகு பசையம்மா பதிவேட்டைத் திறந்தாள். இருநூறாவது வரிக்குக் கீழே கோடு போட்டு, வழக்கமான சின்ன எழுத்தில் எழுதினாள். பிரதி 201. பல் மருத்துவர் அறை. பக்கம் 4, பிரிந்தது. பக்கம் 20, பிரியவில்லை. பக்கம் 32, பிரியவில்லை.

சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் சதவீதம்தான் கையெழுத்துப் போடுவார். பேனாவை அந்தக் கட்டத்துக்குக் கொண்டு போனபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.